பாதிரியார் போட்ட பட்டியல்

பிரெஞ்சுப் பள்ளியில் படித்த என் வயதுக்காரர்களிடம் 'ப்ரெவ் பார் நெஃப்' என்று சொன்னால் போதும், கை தானாகக் காகிதத்தில் ஒரு பெருக்கல் குறி போட்டுவிடும். தமிழ்ப் பள்ளியில் படித்தவர்களுக்காகச் சொல்கிறேன். அது பெருக்கலைச் சரிபார்க்கும் வழி. 47-ஐ 38-ஆல் பெருக்கினால் 1786. 47-ன் இலக்கங்களைக் கூட்டினால் 11, அதையும் கூட்டினால் 2. 38-க்கும் அப்படியே 11, பிறகு 2. இந்த இரண்டையும் குறியின் இடப்பக்கம், வலப்பக்கம் எழுதிப் பெருக்கி 4 என்று மேலே போட வேண்டும். விடையான 1786-ன் இலக்கங்களைக் கூட்டினால் 22, அதாவது 4. அதைக் கீழே போட வேண்டும். மேலும் கீழும் ஒன்றானால் கணக்கு சரி. எங்கள் கணக்கு முசியே இந்தக் குறி இல்லாத நோட்டைத் திருத்தவே மாட்டார். விடை சரியாக இருந்தாலும் தூக்கிப் போட்டுவிடுவார்.

ஆனால் இதில் ஓர் ஓட்டை உண்டு. 1786-க்குப் பதில் 1876 என்று இலக்கம் இடம் மாறி எழுதினாலும் கூட்டல் 22-தான் வரும், குறி 'சரி' என்றுதான் சொல்லும். முப்பது வருஷத்துக்கு மேல் அரசாங்கக் கணக்குப் பிரிவில் குப்பை கொட்டியவன் என்பதால் இந்த ஓட்டையோடு எனக்கு நெருங்கிய பழக்கம். கைப்பிடி சுற்றும் ஃபாசிட் இயந்திரத்தில் கூட்டல் போடுவோம். மாதக் கடைசியில் இரண்டு பேரேடு ஒத்துப்போகாது. வித்தியாசத்தை 9-ஆல் வகுத்துப் பார்ப்போம். மீதியில்லாமல் வகுபட்டால், யாரோ எங்கோ இலக்கத்தை இடம் மாற்றி எழுதியிருக்கிறார் என்று சந்தேகப்படலாம். பிறகு அந்த 'எங்கோ'வைத் தேடி விளக்குப் போடும் நேரம் வரை உட்கார வேண்டும்.

இதைச் சொல்லக் காரணம், போன வாரம் ஒரு நண்பர் கேட்ட கேள்வி. நான்கு கோடி இலக்கத்துக்கு மேல் உள்ள ஒரு பகா எண்ணைக் கணினியில் கண்டுபிடித்திருக்கிறார்களாமே, அது சரி என்று யார் பார்த்தது, எப்படிப் பார்த்தது என்றார். நல்ல கேள்வி, குமாஸ்தா கேட்கக்கூடிய கேள்வி. இதற்குப் பதில் சொல்ல முந்நூற்றைம்பது வருஷத்துக்கு மேல் பின்னால் போக வேண்டும்.

பாரிஸில் மெர்சென் என்று ஒரு துறவி இருந்தார். 1588-ல் பிறந்து 1648-ல் மறைந்தவர். அந்தக் காலத்தில் அறிவியல் பத்திரிகைகள் கிடையாது. தெக்கார்த், ஃபெர்மா போன்றவர்கள் கண்டுபிடித்ததைக் கடிதத்தில் இவருக்கு எழுதுவார்கள், இவர் படி எடுத்து மற்றவர்களுக்கு அனுப்புவார். ஐரோப்பாவுக்கே ஒரு தபால் நிலையம் போல அவருடைய மடத்து அறை இருந்தது. 1644-ல் வெளியிட்ட ஒரு நூலில் இவர் ஒரு பட்டியல் தந்தார். 2-ஐ 2-ஆலேயே பல தடவை பெருக்கி 1 கழித்தால் வரும் எண்களைப் பற்றியது அது. மூன்று இரண்டுகளைப் பெருக்கி ஒன்று கழித்தால் 7, ஐந்துக்கு 31, ஏழுக்கு 127. எல்லாம் பகா எண்கள். ஆனால் பதினொன்றுக்கு 2047 வரும், அது 23 பெருக்கல் 89. ஆகவே சிலது தேறும், சிலது தேறாது. 257 வரைக்கும் எது எது தேறும் என்று மெர்சென் சொல்லிவிட்டார்: 2, 3, 5, 7, 13, 17, 19, 31, 67, 127, 257. மற்றதெல்லாம் பகு எண் என்றார்.

எப்படிக் கண்டார் என்று எழுதவில்லை. 67-வது எண்ணுக்கே 21 இலக்கம். அதை ஒவ்வொரு எண்ணாக வகுத்துப் பார்ப்பதானால் 1,200 கோடிக்கு மேல் வரை போக வேண்டும். அந்த நூற்றாண்டில் மனிதனால் ஆகாத காரியம். ஆனாலும் அச்சில் வந்ததல்லவா? அச்சில் வந்ததை மறுக்க யாருக்கும் வழியில்லை. 128 வருஷம் கழித்து 1772-ல் ஆய்லர் 31-வது எண்ணான 2147483647 பகா எண்தான் என்று நிறுவினார். அதற்கு மேல் நூறு வருஷம் பட்டியல் அப்படியே கிடந்தது.

அடுத்து வந்தவர்தான் எனக்குப் பிடித்த ஆள், எதுவார் ல்யுகா. ஆங்கிலப் புத்தகங்களைப் படித்தவர்கள் லூக்கஸ் என்பார்கள். பிரெஞ்சில் கடைசி 'ஸ்' கிடையாது. 1842-ல் அமியேன் ஊரில் பிறந்தவர். 1870 பிரஷ்யப் போரில் பீரங்கிப் படை அதிகாரி, பிறகு லிசேயில் கணக்கு வாத்தியார். 'ஹனோய் கோபுரம்' என்ற விளையாட்டுப் பொருளைச் செய்தவர் இவரே. மூன்று முளை, ஒன்றில் பெரியதிலிருந்து சிறியது வரை அடுக்கிய வட்டுகள். சிறியதன் மேல் பெரியதை வைக்காமல் வேறு முளைக்கு மாற்ற வேண்டும். 1883-ல் விற்பனைக்கு வந்தபோது பெட்டியில் தன் பெயரைப் போடாமல் 'சயாம் நாட்டு கிளோஸ்' என்று போட்டார். 'அமியேன் ஊர் ல்யுகா' என்பதன் எழுத்துகளைப் பிரெஞ்சில் கலைத்துப் போட்டால் அந்தப் பெயர் வரும். காசியில் பிரம்மா கோயில் ஒன்றில் 64 தங்க வட்டுகளைப் பிராமணர்கள் மாற்றிக்கொண்டிருக்கிறார்கள், முடிந்ததும் உலகம் முடிந்துவிடும் என்று ஒரு கதையும் அதோடு சேர்ந்துகொண்டது. காசியில் அப்படி ஒரு கோயில் இல்லை. நம் ஊர்ப் பெரியவர்கள் பலர் சைகோனிலும் ஹனோயிலும் வேலை பார்த்துப் பென்ஷன் வாங்கியவர்கள். அங்கேயும் அப்படி ஒரு கோபுரத்தைக் கண்டதாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை. ஆனால் கணக்கு மட்டும் சரி: 64 வட்டை மாற்ற, 64 இரண்டுகளைப் பெருக்கி ஒன்று கழித்த எண்ணிக்கையில் நகர்த்த வேண்டும். மெர்செனின் எண்கள் விளையாட்டுப் பொருளுக்குள்ளும் புகுந்துவிட்டன.

ல்யுகா 1876-ல் ஒரு வழி கண்டார். வகுத்துப் பார்க்காமலே எண்ணின் தன்மையைச் சொல்லும் வழி. அமெரிக்கரான லேமர் 1930-ல் சீர்ப்படுத்திய வடிவில் சொல்கிறேன், காகிதம் எடுத்துப் போட்டுப் பாருங்கள். ஐந்து இரண்டுகளின் 31-ஐ எடுத்துக்கொள்வோம். 4-ல் தொடங்கவும். வர்க்கம் எடுத்து 2 கழிக்கவும்: 14. மறுபடி 14-ன் வர்க்கம் 196, 2 கழித்தால் 194, அதை 31-ஆல் வகுத்த மீதி 8. மறுபடி 8-ன் வர்க்கம் 64, 2 கழித்தால் 62, 31-ஆல் வகுத்தால் மீதி பூஜ்யம். ஐந்துக்கு இரண்டு குறைவாக மூன்று தடவை செய்ததும் பூஜ்யம் வந்தது. ஆகவே 31 பகா எண். பூஜ்யம் வராவிட்டால் பகு எண். எத்தனை பெரிய எண்ணுக்கும் இவ்வளவுதான்.

127-வது எண்ணுக்கு 39 இலக்கம். நூற்றுக்கு மேற்பட்ட தடவை 39 இலக்க எண்களை வர்க்கம் எடுத்து மீதி காண வேண்டும். இங்கேதான் நம் 'ப்ரெவ் பார் நெஃப்' வேறு வேஷத்தில் வருகிறது. 9-ஆல் வகுத்த மீதியைக் காண நாம் ஏன் வகுப்பதில்லை, இலக்கங்களைக் கூட்டுகிறோம்? பத்தில் ஒன்று குறைந்தது 9 என்பதால். அதுபோல மெர்சென் எண்களை 0, 1 மட்டும் உள்ள இரும முறையில் எழுதினால் வெறும் ஒன்றுகளின் வரிசை. 127 ஒன்றுகள். ஆகவே அதனால் வகுத்த மீதியைக் காண, எண்ணை 127 இடங்களாக வெட்டி ஒன்றன்மேல் ஒன்று வைத்துக் கூட்டினால் போதும். ல்யுகா இதற்குச் சதுரங்கப் பலகை போல 127 கட்டத்துக்கு 127 கட்டம் வரைந்து காய்களை நகர்த்தும் முறையை விவரித்திருக்கிறார். பள்ளிக்கூடத்துப் பெருக்கல் குறியும் இந்தப் பலகையும் ஒரே தத்துவம்தான் என்று எனக்குப் புரிந்தபோது வயது அறுபதைத் தாண்டிவிட்டது.

127 பகா எண் என்றார் ல்யுகா. பிற்பாடு ஃபோகெம்பெர்க் என்ற இன்னொரு பிரெஞ்சுக்காரர் அதே கணக்கை மறுபடி போட்டு உறுதி செய்தார். ஆனால் 67 பகு எண் என்றும் ல்யுகா சொன்னார். மெர்சென் பட்டியலில் முதல் விரிசல் அது. இதில் ஒரு சங்கடம் பாருங்கள். பகு எண் என்றால் எந்த இரண்டு எண்களின் பெருக்கல் என்று காட்ட வேண்டாமா? அவர் முறை அதைக் காட்டாது. கடைசியில் பூஜ்யம் வரவில்லை, அவ்வளவே. களவு நடந்தது நிச்சயம், திருடன் பெயர் தெரியாது என்பது போல. நடுவில் ஓர் இலக்கம் பிசகியிருந்தாலும் பூஜ்யம் வராதே என்று ஒருவர் கேட்டால் என்ன பதில்?

பதில் வர 27 வருஷம் ஆயிற்று. 1903 அக்டோபர் 31, நியூயார்க்கில் கணிதக் கழகக் கூட்டம். கோல் என்ற பேராசிரியர் எழுந்து, பேசாமல் கரும்பலகைக்குப் போனார். ஒரு பக்கம் 67 இரண்டுகளைப் பெருக்கி ஒன்று கழித்தார்: 147573952589676412927. மறுபக்கம் 193707721-ஐ 761838257287-ஆல் பெருக்கினார். இரண்டு விடையும் ஒன்று. உட்கார்ந்தார். சபை கைதட்டியது. எவ்வளவு காலம் பிடித்தது என்று பிறகு கேட்டதற்கு, மூன்று வருஷத்து ஞாயிற்றுக்கிழமைகள் என்றாராம். பெல் என்ற கணித வரலாற்றாசிரியர் சொன்ன கதை இது. அவர் கதைக்குக் கொஞ்சம் மெருகு ஏற்றுகிறவர், ஆனால் பலகையில் இருந்த எண்கள் மெய். வீட்டிலேயே ஒன்பதால் சரிபாருங்கள். பெரிய எண்ணின் இலக்கங்கள் 109, அதாவது 10, அதாவது 1. முதல் காரணிக்கு 37, பிறகு 1. இரண்டாவதற்கு 64, பிறகு 1. ஒன்றும் ஒன்றும் பெருக்கினால் ஒன்று. எங்கள் முசியே நோட்டைத் திருத்தியிருப்பார்.

அதற்குள் பட்டியல் வேறு இடங்களிலும் உடைந்தது. 61-வது எண் பகா எண் என்று பெர்வூஷின் என்ற ரஷ்யப் பாதிரியார் 1883-ல் காட்டினார். ஒரு பாதிரியார் விட்டதை இன்னொரு பாதிரியார் பிடித்தார். 89-ம் 107-ம் விடுபட்டவை என்று 1911, 1914-ல் தெரிந்தது. 257 தவறு. பட்டியல் முழுவதும் சரிபார்த்து முடிந்தது 1947-ல். மொத்தம் ஐந்து பிழை: இரண்டு தவறான சேர்க்கை, மூன்று விடுதல். ஆதாரம் வைக்காத பதினோரு எண்ணைச் சரிபார்க்க 303 வருஷம். தணிக்கைக்காரர்கள் இதைவிட வேகம்.

மெர்செனைக் குறை சொல்லவில்லை. கேள்வியைக் கேட்டு வைத்தாரே, அதனால்தான் இவ்வளவு வழிகள் பிறந்தன.

கையால் சுற்றும் இயந்திரம் என்றதும் கரிசான் என்ற பிரெஞ்சுக் காலாட்படை அதிகாரியைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. முதல் உலகப் போர் முடிந்ததும் 1919-ல் ஓர் இயந்திரம் செய்வித்தார். ஒன்றுக்குள் ஒன்றாகப் பதினான்கு பித்தளை வளையங்கள். ஒவ்வொன்றிலும் வெவ்வேறு எண்ணிக்கையில் முளைகள்: 19, 21, 23 என்று 59 வரை. ஒரு எண்ணை இரண்டு வர்க்கங்களின் வித்தியாசமாக எழுத முடிந்தால் காரணிகள் கிடைக்கும் என்பது ஃபெர்மா சொன்னது. எந்த வர்க்கம் என்று தேடுவதுதான் பாடு. கரிசான் ஒவ்வொரு வளையத்திலும் ஆகக்கூடிய மீதிகளுக்கு மட்டும் முளையில் தொப்பி மாட்டிவிட்டுக் கைப்பிடியைச் சுற்றுவார். பதினான்கு வளையத்துத் தொப்பிகளும் ஒரே நேர்க்கோட்டில் வந்தால் மின்சுற்று சைகை கொடுக்கும். விநாடிக்கு 35, 40 எண்களைச் சலித்துத் தள்ளும். 708158977 பகா எண் என்று பத்தே நிமிஷத்தில் காட்டினார். 1925-ல் அவர் இறந்தார். இயந்திரம் பொர்தோவுக்குப் பக்கத்தில் ஃப்ளொராக் வானாய்வு நிலையத்தில் கவனிப்பாரற்றுக் கிடந்து, எழுபது வருஷத்துக்குப் பிறகு வரலாறு தேடியவர்கள் கண்ணில் பட்டது. இப்போது பாரிஸ் தொழிற்கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பாரிஸில் பிள்ளைகள் இருக்கும் நண்பர்கள் போனால் பார்த்துவிட்டு வாருங்கள், ஐஃபெல் கோபுரம் எங்கேயும் ஓடிவிடாது.

மனிதக் கையின் கடைசி வெற்றியும் பிரெஞ்சுக்காரருடையதே. 1951-ல் ஃபெரியே என்பவர் மேசைக் கணக்கு இயந்திரத்தை வைத்துக்கொண்டு 44 இலக்கப் பகா எண் ஒன்றைக் கண்டார். அதே வருஷம் கேம்பிரிட்ஜில் மின்னணுக் கணினி 79 இலக்கத்துக்குப் போய்விட்டது. அடுத்து 1952 ஜனவரி 30. ராபின்சன் என்ற அமெரிக்கப் பேராசிரியர், லாஸ் ஏஞ்சல்ஸில் இருந்த 'ஸ்வாக்' கணினியைக் கண்ணால் பார்க்காமலே, கையேட்டைப் படித்தே ல்யுகா முறைக்கு நிரல் எழுதி அனுப்பினார். அது முதல் தடவையே ஓடியது. அன்று ஒரே நாளில் இரண்டு புதிய மெர்சென் பகா எண்கள், ஒன்று 157 இலக்கம், மற்றது 183. அந்த வருஷத்திலேயே இன்னும் மூன்று.

இதற்கு மேல் கணினி வேகமானது மட்டும் போதவில்லை. பெருக்கலே வேகமாக வேண்டியிருந்தது. ஆயிரம் இலக்க எண்ணை ஆயிரம் இலக்க எண்ணால் நாம் கற்ற முறையில் பெருக்கினால் பத்து லட்சம் சிறு பெருக்கல்கள். இதைவிடக் குறைக்கவே முடியாது என்று மாஸ்கோவில் பெரிய மேதையான கொல்மகோரவ் 1960-ல் கருத்துச் சொன்னார். ஒரு வாரத்துக்குள் கராட்சூபா என்ற 23 வயது மாணவர் குறைத்துக் காட்டினார். மறுபடி நம் 47-ஐயும் 38-ஐயும் எடுப்போம். 4-ஐ 3-ஆல் பெருக்க 12. 7-ஐ 8-ஆல் பெருக்க 56. 4, 7 கூட்டி 11, 3, 8 கூட்டி 11, பெருக்க 121. அதிலிருந்து 12-ஐயும் 56-ஐயும் கழிக்க 53. 1200, 530, 56 கூட்டினால் 1786. நான்கு பெருக்கல் செய்த இடத்தில் மூன்று. இரண்டு இலக்கத்துக்கு இது வீண் வேலை போலத் தெரியும். பெரிய எண்ணைப் பாதி பாதியாகப் பிரித்து ஒவ்வொரு மட்டத்திலும் நான்குக்கு மூன்றாக மிச்சம் பிடித்தால் மலை கரைந்துவிடும். 1971-ல் ஷோன்ஹாகே, ஸ்ட்ராசன் என்ற இரு ஜெர்மானியர் அலைகளைப் பகுக்கும் ஃபூரியே முறையை எண்களுக்குப் பொருத்தி இன்னும் வேகப்படுத்தினார்கள். அந்த ஃபூரியேயும் பிரெஞ்சுக்காரர்தான். நான் என்ன செய்வது, எங்கே திரும்பினாலும் அவர்கள் நிற்கிறார்கள். நம்மவர்கள் பெயரும் உண்டு. எந்த எண்ணானாலும் பகா எண்ணா என்று ஊகம் எதுவும் கலக்காமல், சந்தேகமற விரைவில் சொல்லும் முறையை 2002-ல் கான்பூரில் அகர்வால், கயால், சக்சேனா மூவரும் கண்டபோது உலகமே திரும்பிப் பார்த்தது.

1996-ல் வோல்ட்மன் என்ற அமெரிக்கர் மெர்சென் எண்களைத் தேடும் நிரலை எழுதி, விருப்பமுள்ளவர்கள் தங்கள் வீட்டுக் கணினியில் ஓடவிடலாம் என்றார். அதில் கிடைத்த முதல் பகா எண்ணைக் கண்டது பாரிஸில் ஆர்மங்கோ என்பவரின் கணினி. 4,20,921 இலக்கம்.

இப்போது நண்பரின் கேள்விக்கு வருகிறேன். வீட்டுக் கணினி வாரக்கணக்கில் ஓடும். நடுவில் சூட்டினாலோ பழுதினாலோ ஒரு துளி பிசகினாலும் கடைசியில் பூஜ்யம் வராது, உண்மையான பகா எண் தவறிப்போகும். கணினி பிசகாது என்று நினைக்காதீர்கள். 1994-ல் நைஸ்லி என்ற பேராசிரியர் இரட்டைப் பகா எண்களின் தலைகீழிகளைக் கூட்டிக்கொண்டிருந்தபோது, தன் பென்டியம் கணினி வகுத்தலில் தப்பு செய்வதைக் கண்டார். ஒன்பது இலக்கத்துக்குப் பிறகு விடை பிசகியது. சில்லு செய்த நிறுவனம் மாற்றிக் கொடுக்க 47.5 கோடி டாலர் ஒதுக்க வேண்டி வந்தது.

ஆகவே வோல்ட்மன் குழு நம் பழைய அலுவலக வழியைக் கைக்கொண்டது. பூஜ்யம் வராத ஒவ்வொரு கணக்குக்கும் கடைசி மீதியின் வால் பகுதியை மட்டும் பதிவேட்டில் எழுதி வைப்பார்கள். பிறகு ஒரு நாள் வேறொருவர் கணினியில் அதே கணக்கை முதலிலிருந்து போடச் சொல்வார்கள். இரண்டு வாலும் ஒத்தால்தான் பேரேடு மூடப்படும். ஒத்துப்போகாவிட்டால் மூன்றாவது ஆள். பின்னாளில், கணக்கு ஓடும்போதே தன்னைத்தானே சரிபார்த்துக்கொள்ளும் முறையும் வந்தது.

இவ்வளவு ஒழுங்கு இருந்தும் பதிவேட்டில் ஒரு தூக்கம் நடந்தது. 2015 செப்டம்பர் 17-ல் அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் உள்ள ஒரு பல்கலைக்கழகத்தின் கணினி ஒன்று 2,23,38,618 இலக்கப் பகா எண்ணைக் கண்டு அறிவித்துவிட்டது. தகவல் சொல்ல வேண்டிய மின்னஞ்சல் போகவில்லை. 2016 ஜனவரி 7 வரை ஒருவரும் பார்க்கவில்லை. கோப்பு மேசையில் கிடந்தது என்று நம் ஊரில் சொல்வோமே, அதே.

நண்பர் கேட்ட எண், 13,62,79,841 இரண்டுகளைப் பெருக்கி ஒன்று கழித்தது. இலக்கங்கள் 4,10,24,320. டுரான்ட் என்ற அமெரிக்கர் படம் வரையும் சில்லுகளைப் பல நாடுகளில் வாடகைக்கு எடுத்துத் தேடினார். 2024 அக்டோபர் 11-ல் டப்ளினில் இருந்த ஒரு சில்லு, இது பகா எண்ணாக இருக்கக்கூடும் என்றது. மறுநாள் டெக்சாஸில் இருந்த இன்னொன்று ல்யுகா முறையில் பதின்மூன்று கோடித் தடவைக்கு மேல் வர்க்கம் எடுத்து, இரண்டு கழித்து, கடைசியில் பூஜ்யம் கண்டது. அதன் பிறகும் வேறு நிரல்கள், வேறு கணினிகள் என்று பலர் தனித்தனியே போட்டுப் பார்த்து, அக்டோபர் 21-ல்தான் வெளியிட்டார்கள்.